பல்லுக்காரருக்காக நான் செய்த ஜெபம்

என் அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆண்டவர் தாங்குவதால் நானும் அப்பாவும் இங்கே சுகமாக இருக்கிறோம். நீ சுகமா என்று உன்னிடம் கேட்டுப் பதினோரு நாள் ஆகிறது, பதில் இல்லை, அதனால் இப்போதைக்கு ஆண்டவரிடமே கேட்டுக்கொண்டிருக்கிறேன். போனில் மணி போகிறது, நீ எடுப்பதில்லை. கடிதத்தை அப்படி விட முடியாது, கிழித்துப் போடுவதென்றாலும் முதலில் கையில் வாங்கித்தானே ஆக வேண்டும். அப்பாவுக்கு ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடியிருக்கிறது, நான் உப்பைக் குறைத்தால் அவர் பணிமனையில் யாரிடமோ உப்புக்கடலை வாங்கித் தின்றுவிட்டு வருகிறார், சட்டையைத் துவைக்கும்போது பையில் தோல் கிடைக்கிறது. சமையலறைக் குழாய் மறுபடி ஒழுகுகிறது. ஊர் பஸ்ஸையெல்லாம் ரிப்பேர் பார்க்கிற மனிதருக்குச் சொந்த வீட்டுக் குழாய் கண்ணில் படாது, உனக்குத் தெரியாததா. இப்படி நாலு விஷயம் சொல்லிவிட்டு மெதுவாக வரலாம் என்றுதான் நினைத்தேன், ஆனால் மனசு பொறுக்கவில்லை, நேராகவே வந்துவிடுகிறேன்.

நீ அனுப்பிய இரண்டு வரியைத் தினமும் எடுத்துப் படிக்கிறேன். ‘அந்த ஆளுக்கு சுகமும் ஆயுசும் கேட்ட வாய் எனக்கு என்னம்மா கேட்டுச்சு? லீவு எழுதிக் குடுத்திருந்தேன், வாபஸ் வாங்கிட்டேன்.’ மூன்று வருஷம் கழித்து வருகிறாயே என்று உன் அறைக்குப் பெயிண்ட் அடிக்க ஆள் சொல்லியிருந்தேன். இரண்டு சுவர் அடித்து இரண்டு சுவர் பாக்கி. உன் வரியைப் படித்ததும் அப்பா பெயிண்டரை ‘இப்ப வேணாம்பா, அப்புறம் சொல்றேன்’ என்று அனுப்பிவிட்டார். அந்த அறைப் பக்கம் போகவே எனக்குப் பயமாக இருக்கிறது.

உன்னோடு வேலை பார்த்த யாரோ உனக்கு அனுப்பிய வீடியோ நாற்பது விநாடிதான். சபை ஆராதனையை நேரலையில் காட்டுகிறார்கள் அல்லவா, அதிலிருந்து வெட்டினது. மைக் முன்னால் நான் கண்ணை மூடி நின்று, புதிதாக ஜெயித்து வந்திருக்கிற தலைவரின் பெயரைச் சொல்லி அவருக்குச் சுகத்தையும் நீண்ட ஆயுளையும் தாரும் என்கிறேன். அது நான்தான். வெட்டினார்கள், ஒட்டினார்கள் என்று சாக்குச் சொல்ல மாட்டேன், முழுவதையும் பார்த்திருந்தாலும் உனக்குக் கோபம் வந்திருக்கும், வர வேண்டியதுதான். அந்தப் பெயரை இங்கே எழுதவில்லை, நீ வைத்த பட்டப்பெயரிலேயே சொல்கிறேன், பல்லுக்காரர். ஏழு வருஷத்துக்கு முன்னால் அவர் சுகாதார மந்திரியாக இருந்தபோது ஒப்பந்த நர்சுகள் நீங்கள் முந்நூற்றுச் சொச்சம் பேர் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி ஆஸ்பத்திரிப் படியில் பத்தொன்பது நாள் உட்கார்ந்தீர்கள். இருபதாம் நாள் கேட்டில் பட்டியல் ஒட்டி எல்லோரையும் நீக்கினார்கள். அன்று சாயங்காலம் டிவியில் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டு அவர் ‘வேலைக்கு ஆளா பஞ்சம்?’ என்று கேட்டார். நீ தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனாய். நான் அதை மறந்துவிட்டேன் என்று மட்டும் நினைக்காதே. இந்தத் தேர்தலிலும் நாங்கள் இரண்டு பேரும் அவருக்கு எதிராகத்தான் ஓட்டுப் போட்டோம்.

பிறகு ஏன் என்கிறாயா. தவளை தன் வாயால் கெடும் என்பார்களே, அதுதான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு முன்னால், நர்சுகளைத் திரும்ப எடுப்பேன் என்று சொன்னவர் ஜெயித்து வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. அதுவரை நம் சபையில் ஆளுகிறவர்களுக்காக என்று மொத்தமாகத்தான் ஜெபம் செய்வார்கள். நான் சபைக் கூட்டத்தில் எழுந்தேன். அத்தனை பேர் முன்னால் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. ‘பேர் சொல்லாம ஜெபிக்கிறது நோயாளி பேர் போடாம மருந்துச் சீட்டு எழுதுற மாதிரி ஐயா, யார் ஜெயிச்சு வந்தாலும் பேரைச் சொல்லி சுகம், ஆயுசு, நல்ல புத்தி கேப்போம்’ என்றேன். பள்ளிக்கூடத்தை ஐந்தாம் வகுப்போடு விட்டவள், பழைய பேப்பரைப் படித்துப் படித்து எழுத்தைப் பிடித்தவள், என் பேச்சுக்கு எல்லோரும் தலையாட்டினார்கள். பெண்கள் ஐக்கியத்தின் கணக்கை நான்தானே எழுதுகிறேன் என்று தீர்மானத்தையும் என்னையே எழுதச் சொன்னார்கள். யார் ஜெயித்து வந்தாலும் என்று என் கையாலேயே எழுதினேன். அந்த வார்த்தையை அழகுக்குத்தான் போட்டேன் மகளே. வேறு யாராவது ஜெயிப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நம் ஆள் ஐந்து வருஷம் ஆண்டார். ஜெபிக்க ஒன்பது பெண்கள், ஒன்பது வாரத்துக்கு ஒருமுறை என் முறை, ஒவ்வொரு தடவையும் வாய் நிறைய அவர் பெயரைச் சொன்னேன். உங்கள் ஃபைல் மேஜை மாறியதே தவிர ஒருத்திக்கும் வேலை திரும்பவில்லை. அதற்காக நீ ஒருநாளும் என்னிடம் கோபப்படவில்லை என்பதையும் சேர்த்து எழுதி வைக்கிறேன்.

இப்போது பல்லுக்காரர் பதவியேற்றதற்கு அடுத்த ஞாயிறு யார் முறை என்று பார்த்தால், நானே கோடு போட்டு எழுதிய அட்டவணையில் நான். எனக்கு அடுத்த முறைக்காரியான கணக்கு டீச்சரிடம் போய் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். ‘அந்தாளுக்கா? ஐயோ அக்கா, எனக்குத் தொண்டை கட்டியிருக்கு’ என்றாள். அன்று சாயங்காலமே மொட்டை மாடியில் நின்று மூன்றாவது தெருவுக்குக் கேட்கிற மாதிரி மகனைக் கூப்பிட்டாள். போதகரிடம் போனேன். அவர் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. ‘உங்க தீர்மானம்தாம்மா அது. கஷ்டமா இருந்தா மாத்திரலாம், பழையபடி மொத்தமா சொல்லிரலாம், நீங்களே முடிவு பண்ணுங்க’ என்றார். மாற்றிவிடலாம் என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நாளைக்குச் சொல்கிறேன் ஐயா என்று வெளியே வந்தால் படிக்கட்டில் தையல்காரர் நிற்கிறார்.

உன் முதல் யூனிஃபார்மைத் தைத்துக் கொடுத்தாரே, அவர்தான், பல்லுக்காரர் கட்சி. சாலையை அகலப்படுத்துகிறோம் என்று நம் ஆள் ஆட்சியில் மார்க்கெட் வரிசையை இடித்தார்களே, அதில் அவர் கடையும் போயிற்று. என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, ஆனால் கண் சிரிக்காமல், ‘என்னக்கா, சட்டத்தை மாத்தப் போறீங்களாமே. மாத்துங்க, மாத்துங்க. உங்க ஆளு ஜெயிச்சா பேரோட ஜெபம், எங்க ஆளு ஜெயிச்சா பொத்தாம் பொதுவா. என் கடையை இடிச்ச வாரம் நீங்கதான் மைக்ல நின்னு அவருக்கு சுகம் கேட்டீங்க. மூணாவது பெஞ்சுல உக்காந்து நான் ஆமென் சொன்னேன். பல்லைக் கடிச்சிக்கிட்டுத்தான் சொன்னேன், ஆனா சொன்னேன்’ என்றார். எப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். ‘அவருக்காகவா சொன்னேன்? ஜெபம் பண்றது நம்ம அக்காவாச்சே, கெட்டது கேக்க மாட்டாங்கன்னு சொன்னேன்’ என்று போய்விட்டார். வீட்டுக்கு வந்து பழைய நோட்டைப் புரட்டினேன், அந்த வாரம் என் முறைதான். மிஷினை இப்போது எங்கே போட்டிருக்கிறீர்கள் என்று இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அவரைக் கேட்டதில்லை. வீட்டு மாடிப்படிக்கு அடியில் போட்டிருக்கிறாராம், நிமிர்ந்தால் தலை இடிக்குமாம், டீச்சர் சொல்லித்தான் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் ஜெபத்தை எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதினது, ஆண்டவரே இவருடைய பெருமையை நொறுக்கும் என்று. அப்பா தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு ‘இது நல்லாருக்கே, இதையே படி’ என்றார். நான் கிழித்துப் போட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. ‘எம்பொண்ணு தேசம் விட்டு தேசம் போயி யாரையோ பெத்தவங்களுக்குப் படுக்கை மாத்துறா. பெத்தவ இங்க அந்தாளுக்கு ஆயுசு கேப்பியா? பேரைச் சொன்னேன்னா நான் எந்திரிச்சுப் போயிருவேன், சொல்லிட்டேன்’ என்றார். முப்பத்தி நாலு வருஷத்தில் அவர் என்னிடம் சத்தம் போட்டிருக்கிறார், இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஞாயிறு அவர் வாசல் பக்கத்துக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஹெல்மெட்டைக் கீழே வைக்காமல் மடியில் வைத்துக்கொண்டிருந்தார். போகிறவர்தான் அப்படி வைப்பார். நான் மைக் முன்னால் போனேன். வீட்டில் ஏழு வருஷமாகப் பட்டப்பெயரைத் தவிர வேறொன்றும் சொன்னதில்லையா, கண்ணை மூடினதும் உதட்டில் அதுதான் வந்து நின்றது. ஒரு எழுத்து வெளியே வந்திருந்தால் போதும், ஊரே சிரித்திருக்கும், நீயும் சிரித்திருப்பாய். நான் நின்றுவிட்டேன். என் மூச்சு ஸ்பீக்கரில் எனக்கே கேட்டது. யாரோ இருமினார்கள். வேண்டுமென்றே நிறுத்துகிறேன் என்று சிலர் நினைத்திருப்பார்கள், இப்படியே மொத்தமாகச் சொல்லி முடித்துவிடலாம் என்று எனக்கும் ஒரு ஆசை வந்தது. பிறகு பெயரைச் சொன்னேன். பின்னால் பெஞ்சு கிறீச்சிட்டது, செருப்புச் சத்தம் கேட்டது, கதவு சாத்தும் சத்தமும் கேட்டது. கண்ணைத் திறக்கவில்லை. சுகம் கேட்டேன், ஆயுள் கேட்டேன். நீ பார்த்தது அதுவரைதான். நல்ல புத்தி என்கிற இடம் வந்தபோது, ஆண்டவரே, இவர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடும் முன்னால் அந்தக் காகிதத்தில் பெயர் இருக்கிறவர்களை இவர் கண் முன்னால் கொண்டுவந்து நிறுத்தும் என்றேன். அதோடு முடித்தேன். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஆமென் முதலில் வந்தது. பாதி சபை வாய் திறக்கவில்லை. டீச்சரும் சொல்லவில்லை, அவளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது.

அப்பா வெளியே ஸ்கூட்டர் பக்கத்தில் நின்றார், விட்டுவிட்டுப் போகவில்லை. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டு, ‘நீ செஞ்சது தப்புன்னு சொல்லல. என் ஆமென் அதுல இல்ல, அவ்வளவுதான். ஆனா பொண்ணு பாத்தா என்ன ஆவான்னு யோசிச்சியா?’ என்றார். யோசித்தேன். யோசித்துத்தான் சொன்னேன். சாயங்காலமே உன் இரண்டு வரி வந்துவிட்டது.

உனக்கு என்ன கேட்டேன் என்கிறாய். அரிசி பருப்புக்குக் கணக்கு எழுதுகிறவள் இதற்கு எழுதி வைக்கவில்லை, நினைவிலிருந்து சொல்கிறேன். பனியில் நீ வழுக்கி விழக் கூடாது என்று கேட்டேன். ராத்திரி வேலை முடிந்து வரும்போது பஸ்ஸில் உனக்கு உட்கார இடம் வேண்டும் என்று கேட்டேன். குளிக்க வைக்கும்போது உன் கன்னத்தில் அறைந்தாரே ஒரு பெரியவர், நீ சொன்ன நாளிலிருந்து அவருக்காக தினமும் கேட்கிறேன், அவருக்குச் சுகம், அவருக்கு நல்ல தூக்கம், அவருக்கு மனத்தெளிவு. அவர் கை எட்டுகிற தூரத்தில் என் பிள்ளை நிற்கிறாள், வேறு யாருக்கு நான் கேட்பேன்? பல்லுக்காரர் கையில் இப்போது பேனா இருக்கிறது. அவர் மேல் எனக்கு நம்பிக்கை கிடையாது, இருந்திருந்தால் ஓட்டைப் போட்டுவிட்டுப் படுத்திருப்பேன். அவரையும் அசைக்க ஒருவர் இருக்கிறார் என்று மட்டும் நம்புகிறேன். ஒருவேளை முன்னைவிட மோசமாகவே செய்வார். அப்போது யாராவது படியில் உட்கார்ந்தால் நானும் மூட்டுவலித் தைலத்தோடு போய் உட்காருவேன், அப்பாவும் வருவார், அதற்கு அவருடைய ஆமென் ரெடியாக இருக்கிறது. அங்கே உட்கார்ந்துகொண்டும் பல்லுக்காரருக்காகப் பெயர் சொல்லி ஜெபிப்பேன்.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். இரண்டு பேர் முறை வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டதால் வருகிற மாதம் மூன்றாம் ஞாயிறு மறுபடி என் முறை. சுகமும் ஆயுளும் சபை வைத்தது, அதில் கை வைக்க எனக்கு உரிமை இல்லை. மூன்றாவதான நல்ல புத்திக்கு வார்த்தை போடுவது ஜெபிக்கிறவள், அந்த இடத்தை உனக்குத் தருகிறேன். பல்லுக்காரரைப் பற்றி ஆண்டவரிடம் நீ என்ன கேட்க வேண்டுமோ அதை எழுதி அனுப்பு, போனில் நாலு வார்த்தை போட்டாலும் போதும். கோபமாகவே எழுது, வேதத்தில் எத்தனை பேர் அழுது கத்தியிருக்கிறார்கள், ஆண்டவருக்கு அது புதுசு இல்லை. ஒரு எழுத்தை மாற்றாமல் உன் வார்த்தை என்று சொல்லியே மைக்கில் வாசிப்பேன், தையல்காரர் முகம் சுளித்தாலும் சரி. ஆனால் நீங்க நிக்காதீங்கம்மா என்று மட்டும் எழுதாதே. நிற்க மாட்டேன் என்று பொய் சொல்லி உன்னை வரவழைக்க எனக்கு மனசு வரவில்லை. நீ எழுதாவிட்டால், அந்த இடம் வரும்போது உனக்காகக் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பேன்.

வழுக்காத செருப்பு வாங்கச் சொன்னேனே, வாங்கினாயா? பசியோடு வேலைக்குப் போகாதே. உன் போக்கையும் உன் வரத்தையும் ஆண்டவர் காப்பாராக, உன் கோபத்தையும் அவரே கையில் வாங்கி வைத்துக்கொள்வாராக. இதை நாளைக் காலைத் தபாலில் சேர்க்கிறேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார், படித்துப் பார்க்கக் கேட்கவில்லை.

நீ பேசினாலும் பேசாவிட்டாலும்,
உன் அம்மா