நாற்காலிப் பக்கம் சாயும் பந்து

ஜூன் 4

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். நம் மகள் வாலு கண்மூடிய மாதமே நீங்கள் ஆய்வுக்கூட நிலவறைக்குள் போய் அடைந்துகொண்டீர்கள். நான் இங்கே அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். "அண்ணன் எப்ப வருவான்?" என்று நாத்தனார் கேட்டுக்கேட்டு அலுத்துவிட்டாள். வீடு என்று ஒன்று இருப்பது நினைவிருக்கிறதா?

உங்கள் டீச்சர்

ஜூன் 11

அன்புள்ள டீச்சருக்கு,

உன் கோபம் நியாயம்தான். காரணத்தைச் சொன்னால் பைத்தியம் என்பாய்.

கனமுள்ள எதுவும் கனமுள்ள இன்னொன்றைத் தன் பக்கம் இழுக்கும். நீயும் மேசையும்கூட ஒருவரையொருவர் இழுக்கிறீர்கள். மிகச் சிறிய இழுப்பு என்பதால் தெரிவதில்லை. அதை அளக்கத்தான் மெல்லிய கம்பியில் ஈயப் பந்துகளைத் தொங்கவிட்டிருக்கிறோம். பக்கத்தில் ஆள் வந்தாலே பந்து இம்மியளவு சாயும். வாலுவுக்கு அதுதான் விளையாட்டு. நாற்காலியில் ஏறி உட்கார்ந்து, "அப்பா, என் பக்கம் வருதா?" என்பாள்.

ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்து திரும்பி வந்து அறையைத் திறந்தேன். நாற்காலி காலி. பந்து அந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது. இன்றுவரை அப்படித்தான். அவளை விட்டுவிட்டு எப்படி வருவேன்?

உன்னவன்

ஜூன் 15

அன்புள்ள விஞ்ஞானிக்கு,

படித்த மனிதர் எழுதுகிற எழுத்தா இது?

சாய்வை வைத்து, இழுப்பது எவ்வளவு கனம் என்று சொல்லிவிடலாம் என்பீர்களே. போடுங்கள் கணக்கை. ஆஸ்பத்திரியில் கடைசியாக அவளைத் தூக்கி எடைமேடையில் நிறுத்தியது நான்தான். பதினாறு கிலோ. உங்கள் பதில் வரும்வரை எனக்குச் சோறு இறங்காது.

டீச்சர்

ஜூன் 20

அன்புள்ள டீச்சருக்கு,

அந்தக் கணக்கைப் போடாமல் இத்தனை நாள் என்னையே ஏமாற்றிக்கொண்டிருந்தேன். போட்டுவிட்டேன். பதினாறு இல்லை. நாற்காலியில் ஒரு யானைக்குட்டியே உட்கார்ந்திருக்க வேண்டும்.

நாற்காலிக்குப் பின்னால் உள்ள சுவருக்கு அந்தப் பக்கம் போய்ப் பார்த்தேன். புதிதாக ஒரு தண்ணீர்த் தொட்டி. "நீங்க ஆஸ்பத்திரில இருந்தப்ப வச்சாங்க சார், ரெண்டு லாரித் தண்ணி பிடிக்கும்" என்றார் காவலாளி. தூரம் இரண்டு மடங்கானால் இழுப்பு கால்வாசியாகிவிடும். அவ்வளவு தண்ணீர் என்பதால் சுவரைத் தாண்டியும் இழுக்கிறது. அங்கேயே நின்று அழுதேன்.

மாத முடிவில் தொட்டியைக் காலிசெய்து இடம் மாற்றுகிறார்கள். பந்து நடுவுக்கு வந்துவிடும். பிறகு வீட்டுக்கு வருகிறேன்.

உன்னவன்

ஜூன் 23

என் அன்புக்கு,

உங்களுக்குப் புத்தி தெளிந்ததில் நிம்மதி என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வரவில்லை. பதினாறு என்று ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா?

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். அதுவரை தொட்டியில் யாரையும் கைவைக்க விடாதீர்கள். தண்ணீர்தான் இழுக்கிறது, தெரியும். பந்து அவள் நாற்காலிப் பக்கம் சாய்ந்திருப்பதை நானும் ஒருமுறை பார்த்துக்கொள்கிறேன்.

டீச்சர்