உறுமியை அழிக்கச் சொன்னார்கள்

டிசம்பர் 5, வெள்ளி. லாபு எஸ்டேட்.

ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை.

என் கிறிஸ்துமஸ் பாட்டுக்கு உறுமி வாசித்தவர் பக்கத்து வீட்டு முனியாண்டி அண்ணன். சுங்கை காடுட் ஃபாக்டரியில் வேலை முடிந்ததும், சட்டைகூட மாற்றாமல் வந்து என் அறையில் வாசித்துக் கொடுத்தார்; லேப்டாப்பில் பதிவு செய்தேன். இன்று சாயங்காலம் சர்ச் பாடகர் குழுத் தலைவர் ஸ்டீபன் அங்கிள் அந்தப் பாட்டைக் கேட்க வந்தார். பாதியிலேயே ஹெட்போனைக் கழற்றிவிட்டார்.

“இது மாரியம்மன் கோயில் மேளம் லா. அழிச்சிரு.”

“உறுமி இல்லன்னா இந்தப் பாட்டே இல்ல அங்கிள்.”

அவரே மவுஸைப் பிடுங்கி உறுமியை அழித்து, சேமித்தும்விட்டார். அம்மா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

மதியமே எல்லா ஃபைல்களையும் கிளவுடில் ஏற்றிவிட்டிருந்தேன். எஸ்டேட்டில் கிடைக்கும் இன்டர்நெட்டுக்கு அது நாலு மணி நேர வேலை. அவரிடம் மறைக்க மனம் வரவில்லை. போனில் உறுமி ஃபைலைத் திறந்து அவர் முன்னாலேயே ஒலிக்கவிட்டேன்.

“லேப்டாப்பையே உடைச்சாலும் இது போவாது அங்கிள்.”

“அப்ப ஆராதனையில உன் பாட்டு கிடையாது.”

“பரவால்ல. முனியாண்டி அண்ணன் பேரப் போட்டு நானே வெளியிடுறேன்.”

மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். கட்டிலில் வந்து உட்கார்ந்தாள்.

“நான் இன்னும் முழுசா கேக்கல. போடு.”

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். அம்மாவையும்தான். பார்க்கட்டும். முன்வரிசையில்தான் உட்காரப்போகிறோம்.