மலைக்கு மலை காசித்தும்பை

இயேசு மரி சூசை துணை
கண்டி, 14 ஜனவரி 1934

அன்புள்ள சுவக்கின் அத்தானுக்கு,

டொரதி எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் சுகம். நத்தார் பண்டிகைக்கு வராமல் பூவை அனுப்பிச் சமாளித்துவிட்டீர்கள். "மருமகனுக்கு இதுவாவது தோணுச்சே" என்று அம்மா சொன்னார்கள்.

காகிதத்தைப் பிரித்ததும் உங்கள் டிஸ்பென்சரி அயடீன் வாசம்தான் முதலில் வந்தது. மடுல்கெல்லக் காட்டுக் காசித்தும்பைப் பூவுக்குப் பின்னால் இவ்வளவு நீள வாலா! என் வகுப்புப் பிள்ளைகளோடு கலஹா ஊருக்கு மேலே மலையில் பார்த்த பூவுக்கு வாலே இல்லை, ஒரு குமிழ்தான். இலையும் தண்டும் மட்டும் அக்கா தங்கை மாதிரி. ஒரே குடும்பம் எப்போது பிரிந்தது, எதற்காக? இந்த யோசனையில் கரும்பலகையில் கணக்கைப் பிழையாகப் போட்டுப் பிள்ளைகளிடம் மாட்டிக்கொண்டேன்.

கலஹாச் செடி ஒன்றைச் சட்டியோடு அனுப்புகிறேன். இரண்டும் சேர்ந்து விதை வைக்குமா பாருங்கள்.

உங்கள் டொரதி

மடுல்கெல்ல, 2 மார்ச் 1934

அன்பு டொரதிக்கு,

உன் செடியின் மகரந்தத்தை இங்குள்ள பூக்களில் தொட்டுவைத்து, வேறு மகரந்தம் படாமல் காயத்துக்குக் கட்டும் வெள்ளைத் துணியால் கட்டினேன். மறுநாள் பார்த்தால் பக்கத்துச் செடியெல்லாம் மஞ்சள் துணி! நேர்த்திக்கடன் என்று நினைத்துத் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் கட்டியிருக்கிறார்கள். "டாக்டரய்யாவே கட்டியிருக்காங்க, நாங்க கட்டக் கூடாதா?" என்று வீரம்மா கேட்டாள்.

இன்னொன்று. நாம் அத்தை மகன், மாமன் மகள் என்பதால் திருச்சபைச் சட்டப்படி கல்யாணத்துக்குப் பிஷப் ஆண்டவரின் உத்தரவு வேண்டுமே. இங்குள்ள கோயில் சுவாமியார் விண்ணப்பம் எழுதிவிட்டார். எல்லாருக்கும் எழுதும் காரணம்தானாம்: 'ஊர் சிறியது, வேறு சம்பந்தம் கிடைக்கவில்லை, பெண்ணுக்கு வயதும் ஏறிவிட்டது.' கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. ஜூனில் கல்யாணம் வைக்கலாம்.

சுவக்கின்

கண்டி, 11 மார்ச் 1934

அத்தானுக்கு,

கையெழுத்துப் போடவில்லை. விண்ணப்பம் என்னிடமே இருக்கிறது. கோபம்தான்.

அந்தக் கோபத்தோடு பேராதனைப் பூந்தோட்டத்து நூல்நிலையத்துக்குப் போனேன். ஒரு காலத்தில் உலகமே குளிர்ந்து கிடந்ததாம். அப்போது மலைச் செடிகள் பள்ளத்துக்கு இறங்கி ஒன்றோடொன்று கலந்திருக்கலாம். சூடு ஏறியதும் குளிரைத் தேடி மேலே போயிருக்கும். ஒரு கூட்டம் உங்கள் மலைக்கு, ஒரு கூட்டம் எங்கள் மலைக்கு. நடுவில் மகாவலி ஆற்றுப் பள்ளத்து வெக்கை. அதைத் தாண்ட முடியாமல் அந்தந்த மலைக்குள்ளேயே கூடிக் கூடி வேறு வேறாகிவிட்டன போலும். இமயத்திலும் மலைக்கு மலை வேறு காசித்தும்பையாம். படிக்கப் படிக்க எழுந்து வரவே மனமில்லை.

ஆனால் அத்தான், அந்தச் செடிகளுக்குப் போக்கிடம் இல்லை. எனக்கு இருந்தது. அரசாங்கக் கச்சேரியில் கிளார்க்காக இருக்கும் கிளறன்ஸ் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். நான்தான் வேண்டாம் என்றேன். நான் உங்களைக் கட்டச் சம்மதித்தது ஊர் சின்னது என்பதற்காக அல்ல. உங்களிடம் வேறு காரணம் உண்டா? இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம்.

டொரதி

மடுல்கெல்ல, 30 மார்ச் 1934

அன்பு டொரதிக்கு,

வெள்ளைத் துணி கட்டிய காய்கள் தொட்டதும் வெடித்தன. உள்ளே விதையெல்லாம் வெறும் பொக்கு. உன் கடிதமும் பக்கத்தில் கிடந்தது. பயந்துபோனேன்.

சுவாமியாரிடம் போய்க் காரணத்தை மாற்றச் சொன்னேன். "என்னன்னு எழுதட்டும்?" என்றார். வாயில் வந்ததைச் சொன்னேன்: 'நாள் முழுக்க நோயாளிகளைப் பார்த்துவிட்டு வந்தால், ஒரு பூவுக்கு வால் ஏன் நீளம் என்று என்னைக் கேட்க இவள் ஒருத்திதான் இருக்கிறாள். இவளோடு பேசிக்கொண்டே நான் கிழவனாக வேண்டும்.' சுவாமியார் சிரிக்கவில்லை. அப்படியே எழுதினார். புது விண்ணப்பம் இத்துடன் இருக்கிறது. இதிலாவது கையெழுத்துப் போடம்மா.

சுவக்கின்

கண்டி, 6 மே 1934

என் அன்பு அத்தானுக்கு,

நான் ஆசையோடு கையெழுத்திட்ட விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. 'சொல்லப்பட்ட காரணம் போதாது' என்று ஓரத்தில் குறித்திருக்கிறார்கள். அழுதேன். பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

பழைய விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். வயது ஏறிவிட்டது என்ற இடத்தில் இருபத்தாறு என்று நானே எழுதினேன். ஊரும் சிறியதாகவே இருந்துவிட்டுப் போகட்டும்.

அந்தச் செடிகளைப் பிடுங்கிவிடாதீர்கள். ஏன் பொக்கானது என்று வந்து பார்க்க வேண்டும்.

திரும்பி வந்த விண்ணப்பத்தை உங்கள் சுவாமியார் கடிதம் போட்டுக் கேட்டார். கொடுக்கவில்லை. அவர்களுக்குப் போதாத காரணம் எனக்குப் போதும்.

உங்கள் டொரதி