சட்டைப் பையில் இருந்த பிளக்

தென்காசி,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள மாப்பிள்ளை தேவாவுக்கு,

மச்சான் இசக்கிராஜா எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம். உன் வலது கை எப்படி இருக்கிறது? அந்த இரண்டு விரல்களும் மடங்க ஆரம்பித்துவிட்டனவா? போனில் சொல்ல எனக்கு வாய் வராத விஷயம் ஒன்று உண்டு. அதனால்தான் காகிதம்.

சீசன் இந்த வருஷம் நல்ல சாரல். நம் ஒர்க்‌ஷாப் வாசலில் குற்றாலம் போகிற வண்டிகளுக்குக் குறைவில்லை. பாவூர்சத்திரத்துக் காய்கறி வியாபாரி சண்முகநாதன் அண்ணாச்சி புது வண்டியோடு வந்து ஒரே சத்தம். "ஏலே, ஹைபிரிட்டுன்னு வித்தாம்லே, பெட்ரோல் இல்லாம ஒரு அடி நகர மாட்டங்குது" என்றார். நீ சொல்வதுபோலவே சொல்லிப் பார்த்தேன். அவருடையது மைல்டு ஹைபிரிட். பேட்டரி மோட்டார் பெட்ரோல் இன்ஜினுக்குக் கைகொடுக்கும், தனியாக இழுக்காது. ஃபுல் ஹைபிரிட்டில் மெதுவாகப் போகும்போது மோட்டாரே ஓட்டும், வேகம் கூடினால் இன்ஜின் சேர்ந்துகொள்ளும், பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறும். பிளக்-இன் என்றால் வீட்டிலேயே சார்ஜ் போட்டுக் கொஞ்ச தூரம் கரண்டிலேயே போகலாம். இன்னொரு வகையில் இன்ஜின் சக்கரத்தைத் தொடாது, கரண்டு மட்டும் உண்டாக்கும். "தேவா சொன்னா வெளங்கும், நீ சொன்னா தலைவலிதாம்லே வருது" என்று கிளம்பிவிட்டார்.

நேற்று தங்கச்சி சங்கரேஸ்வரி வாசுதேவநல்லூரிலிருந்து பேசினாள். மகள் ஸ்வாதி கையைப் பற்றிக் கேட்கும்போதெல்லாம், "அப்பா அவசரக்காரன்ட்டி, பத்து நிமிஷம் பொறுக்கல" என்று நீ சொல்கிறாயாம். கேட்டதும் இந்தக் காகிதத்தை எடுத்துவிட்டேன்.

நீ பொறுத்தாய், மாப்பிள்ளை. பத்து நிமிஷத்துக்கு மேலேயே பொறுத்தாய்.

உன் கையில் கரண்டு அடித்த அன்றைக்கு வந்தது ஃபுல் ஹைபிரிட். ஏசிக்குப் போகிற ஆரஞ்சு கேபிளை எலி கடித்திருந்தது. பேட்டரியின் கரண்டைத் துண்டிக்கிற பிளக்கை முறைப்படி உருவி, மிச்சக் கரண்டு இறங்கும்வரை காத்திருந்தாய். உருவினவன் பையில்தான் பிளக் இருக்க வேண்டும், வேறு யாரும் தொடக் கூடாது என்பது நீ போட்ட சட்டம். சாரலில் நனைந்த சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடு பானெட்டுக்குள் குனிந்தாய்.

நான் டீக்கடையிலிருந்து வந்தேன். ஐந்தருவிக்குப் போக வேண்டும் என்று வண்டிக்காரர் பறந்தார். பானெட் மறைத்ததில் உன்னைப் பார்க்கவில்லை, வேலையை முடித்துவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறாய் என்று நினைத்தேன். உன் சட்டைப் பையிலிருந்து பிளக்கை எடுத்துச் சொருகினேன். பட்டனை அழுத்தினேன். இன்ஜின் ஓடுகிற வண்டியாக இருந்தால் சத்தம் கேட்டு நீ கையை எடுத்திருப்பாய். இது 'ரெடி' என்று ஒரு விளக்கை மட்டும் காட்டியது. அடுத்து நீ அலறினாய்.

எல்லோரும் உன்னைத் தூக்க ஓடிய நேரத்தில் நான் பிளக்கை உருவி மறுபடி உன் சட்டைப் பையில் வைத்துவிட்டேன். பாவி நான். ஆஸ்பத்திரியில் நீ, "நேரத்தை நான் சரியா பாக்கல மச்சான்" என்றாய். நானும் தலையை ஆட்டினேன். கூடப்பிறந்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஆட்டினேன்.

இந்தக் கடிதத்தைச் சங்கரேஸ்வரியிடம் காட்டு. அவள் என்னை ஏசட்டும், இனி என் முகத்தில் முழிக்க மாட்டேன் என்றாலும் சரி. ஸ்வாதியிடம் மட்டும், அப்பா அவசரக்காரன் இல்லை, மாமாதான் அவசரக்காரன் என்று சொல்லிவிடு.

அச்சன்புதூரிலிருந்து ஒரு ஹைபிரிட் வண்டி வந்து மூன்று நாளாக நிற்கிறது. நான் தொடவில்லை. உன் சட்டையும் அதே ஆணியில்தான் இருக்கிறது. மனசு ஆறினால் ஒரு நாள் வா. நீ ஒரு வேலையும் செய்ய வேண்டாம். சட்டையைப் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்கார். பிளக் உன் பையில் இருக்கட்டும், கம்பியில் நான் கை வைக்கிறேன்.

காசிவிசுவநாதர் உன் விரல்களுக்குத் தெம்பு கொடுக்கட்டும்.

உன் மன்னிப்புக்குக் காத்திருக்கும் மச்சான்,
இசக்கிராஜா