கிண்டிக் கம்பெனி ஷேர்

சென்னை
5.1.1965

அன்புத் தங்கை நீலாவதிக்கு அண்ணன் உதயசூரியன் ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அண்ணி ஜெயலட்சுமியும் சுகம். கடல் கடந்து தீவில் இருக்கும் நீயும் உன் மகள் மரகதமும் சுகமாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளை இறந்து வந்த இன்ஷூரன்ஸ் பணத்தில் உனக்கு வாங்கிய கிண்டிக் கம்பெனி ஷேர் நன்றாக ஏறியிருக்கிறது. நானும் அதைத்தானே வைத்திருக்கிறேன்! கம்பெனி செய்கிற டிரான்சிஸ்டர் மொத்தத்தையும் பம்பாயின் பெரிய ரேடியோ கம்பெனி வாங்கிக்கொள்கிறது. யானை நிழலில் நிற்கிறோம் அம்மா, வெயில் படாது.

கப்பலில் கடிதம் வந்துபோக மாதமாகிறதே என்று நீ முன்கூட்டியே கையெழுத்திட்டுக் கொடுத்த விற்பனைத் தாள் என் பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நீ சொன்ன மறுநாளே விற்றுவிடலாம்.

உன் அண்ணன்
உதயசூரியன்


டாலிகஞ்ச்
12.2.1965

அண்ணாவுக்கு நமஸ்காரம். அண்ணிக்கு இருமல் தேவலையா? போன கடிதத்தில் நான் எழுதிய மரகதத்தின் காய்ச்சலைப் பற்றி நீங்கள் ஒரு வரி கேட்கவில்லை, போகட்டும்.

அவசரம். பக்கத்து வீட்டுப் பழனிசாமி வயர்லெஸ் ஸ்டேஷனில் ரிப்பேர் வேலை பார்க்கிறார். இந்தக் கப்பலில் வந்த புது பம்பாய் ரேடியோ ஒன்றைப் பிரித்துக் காட்டினார். "தீதி, உங்க கிண்டி மால், அதான் அந்த டிரான்சிஸ்டர், இதுல ஒண்ணுகூட இல்ல. பம்பாய்க்காரன் தானே செஞ்சுக்கிறான். அப்புறம் உங்ககிட்ட எவன் வாங்குவான்?" என்றார்.

உடனே என்னுடையதை விற்றுவிடுங்கள். கராச்சர்மாவில் வீட்டுமனைக்குச் சித்திரை வரை தவணை வாங்கியிருக்கிறேன். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது அந்த ஷேர் ஒன்றுதான்.

நீலாவதி


சென்னை
9.3.1965

அன்புத் தங்கைக்கு,

பழனிசாமி ஒரு ரேடியோவைப் பிரித்தால் ஷேர் மார்க்கெட்டே தெரிந்துவிடுமா? எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் எல்லாவற்றையும் தானே செய்துகொள்ள முடியுமா? நாளைக்கே நம்மிடம் திரும்பி வருவான். இப்போது விற்றால் அடிமாட்டு விலைக்குத்தான் போகும். பொறுத்தார் பூமி ஆள்வார். மனைக்காரரிடம் ஆடி வரை கேட்டுப் பார். அண்ணன் நான் இருக்கும்போது உனக்கென்ன கவலை?

உதயசூரியன்


டாலிகஞ்ச்
2.8.1965

உதயசூரியன் அவர்களுக்கு,

கிண்டிக் கம்பெனியை மூடிவிட்ட செய்தி சென்ற கப்பலில் வந்தது. மனை வேறொருவருக்குப் போய்விட்டது. என் தலைவிதி என்று அழுதுவிட்டுச் சும்மா இருந்திருப்பேன்.

அதே கப்பலில் அண்ணியின் கடிதமும் வந்தது. பாவம், நன்றி சொல்லி எழுதியிருக்கிறார்: "நீலா, உன் கடுதாசி வந்த மறுநாளே உங்க அண்ணன் எங்க ஷேரை வித்துட்டாரு. வாங்க ஒரே ஆள்தான் இருந்தானாம். சேர்த்துக் கொடுத்தா விலை விழுந்துடும், உன்னுதை அடுத்த வாரம் விக்கிறேன்னாரு. வித்தாச்சில்ல? எங்க பணத்துலதான் மாடி எழும்புது. நீ நல்லா இருக்கணும், மகராசி."

என் கடிதத்தைப் படித்து உங்களுடையதை விற்றீர்கள். பிறகு உட்கார்ந்து எனக்குப் பொறுமையைப் பற்றி எழுதினீர்கள். முந்திக்கொண்டதைக்கூட மன்னித்திருப்பேன். அந்தக் கடிதம் எழுத உங்களுக்குக் கை எப்படி வந்தது?

ஆவணியில் மரகதத்துக்குக் கல்யாணம். பையன் மாயாபந்தரில் குமாஸ்தா. தாய்மாமன் மாலை போட யார் வருகிறார் என்று பையன் வீட்டார் கேட்டார்கள். எனக்குக் கூடப் பிறந்தவர் யாரும் இல்லை என்று சொல்லிவிட்டேன். மரகதம் பக்கத்தில்தான் நின்றாள். அவளும் ஆமாம் என்றாள்.

நீலாவதி