நீட்டாமல் அழுத்துவது

ஜூன் 16, கல்முனை
இணைய வகுப்பு. ஸ்பானியச் சொற்களை அசை பிரித்து, அழுத்தம் வைத்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன். "ஏன் பாடுகிறாய்?" என்றார் ஆசிரியை. அழுத்த வேண்டிய அசையை நான் நீட்டுகிறேனாம். சிறுவயதில் குர்ஆனை நீட்டி ஓதிப் பழகிய நாக்கு. கை தட்டிப் பழகு, தானாக வெட்டுப்படும் என்றார்.

அடுத்த மாதம் கொழும்புக் கம்பனியில் வாசிப்புத் தேர்வு. ஸ்பானிய வாடிக்கையாளர்களோடு போனில் கதைக்கும் வேலை. பட்டம் முடித்து இரண்டு வருடம். இது ஒன்றுதான் வந்திருக்கிறது.

ஜூன் 18
வென்-த-ன. உயிரொலியில் முடிகிறது, ஆகவே கடைசிக்கு முந்திய அசையில் கனம். மேசையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

உம்மாவின் தம்பி, நளீம் மாமா, வந்தார். "மௌத்தான ஊட்டுல தாளம் போடுறியா புள்ள? றோட்டு வரைக்கும் கேக்குது."

வாப்பா இறந்து ஆறு கிழமை. உம்மா இத்தாவில், நாலு மாதம் பத்து நாள் வெளியே வரக்கூடாது. உள்ளறை, பூட்டிய ஜன்னல்.

நிறுத்தினேன்.

ஜூன் 19
தட்டாமல் வாசித்தேன். எல்லாம் நீள்கிறது.

ஜூன் 23
தொடையில் விரலால் தட்டுகிறேன். சத்தமில்லாத அழுத்தம் — அப்படி ஒன்று உண்டா? வேலை கிடைத்தால் உம்மாவை அந்த அறையில் விட்டுவிட்டா போவது? கிடைக்காவிட்டால்? களைப்பு.

ஜூன் 26
உள்ளிருந்து உம்மா: "ஏன் மகள் நிப்பாட்டின?"

"மாமா ஏசினார்."

"அவனுக்கென்ன, சந்தையெல்லாம் சுத்துறான். எனக்கி இஞ்ச நாலு சுவர்தான். தட்டு."

தட்டினேன், வென்-த-ன. என்ன சொல் என்று கேட்டார். ஜன்னல் என்றேன். பிறகு, "நீட்டுறாய். ஓதக்குள்ள நீட்டப் பழக்கினது நான்தான். இப்ப வெட்டிச் சொல்லு."

பின்னேரம் மாமா வந்தார். வாயைத் திறக்குமுன் உள்ளிருந்து குரல்: "நான்தான் தட்டச் சொன்ன, தம்பி. கரைச்சலெண்டா காத அடைச்சிக்க."

மாமா தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

ஜூலை 14
தேர்வில் ஒரு சொல் நீண்டது. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். என் அக்கா ஸுஹைறா ராத்தா பிள்ளைகளோடு வந்து உம்மாவுடன் நிற்பாள். சந்தோஷமா? தெரியவில்லை. தூக்கம்தான் வருகிறது.

செப்டம்பர் 21, கொழும்பு
உம்மா போன் எடுத்தார். "இத்தா முடிஞ்சிட்டு மகள். ஜன்னலத் துறந்துட்டன்." பிறகு, ஜன்னல் சட்டத்தில் மூன்று தட்டு கேட்டது. நடுவில் கனம்.

"உன்ட அறை ஜன்னலால என்ன தெரியிது?"

"கடல்," என்றேன்.

இந்த அறைக்கு ஜன்னல் இல்லை.