தம்பியின் தலையணை

அக்கா பிரபாவதிக்கு, பெங்களூரிலிருந்து தங்கை சாரதாம்பாள் எழுதுவது. உன் முட்டிவலி தேவலையா? நான் சமைக்கும் வீட்டு டாக்டரம்மாவுக்கு, இரத்தம் உறையாத நோயைக் கண்டுபிடிப்பதே வேலை. என் மகள் பிள்ளை பாலாவுக்குக் காது குத்தியபோது இரத்தம் நிற்காததைச் சொன்னேன். அவனை வரவழைத்துச் சோதித்தார். அந்த நோய்தானாம், தாய்வழியில் வருமாம்.

"உங்க பொறந்த வீட்டுல பசங்க யாராவது இப்படி இறந்தாங்களா?" என்றார்.

நம் தம்பி செத்த காலையில் அவன் தலையணை சிவந்திருந்தது. "இன்னாக்கா இது?" என்றேன். "வெத்தல எச்சிடி, போ" என்றாய். முந்தின நாள்தான் பால்பல் விழுந்த பிள்ளை வெற்றிலை போடுமா? உண்மை தெரிந்தால் நம்மைப் பெண் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று, காய்ச்சலில் செத்தான் என்று ஊரிடம் சொன்னாய். சரி. பாலாவுக்குக் குத்தும்போதும் பக்கத்தில்தானே நின்றாய்? நான் ஆசாரியின் கையைச் சபித்தேன், நீ கேட்டுக்கொண்டிருந்தாய்.

தை மாதம் திருவிடந்தையில் உன் மகள் பிள்ளைக்குக் காது குத்தாதே. முதலில் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் அவன் இரத்தத்தைச் சோதித்துப் பார். இங்கே கருவாட்டு வாசனையே கிடையாது, யாராவது வந்தால் நெத்திலி கொடுத்தனுப்பு.

அடுப்பில் குழம்பு கொதிக்கிறது. உன்னோடு இனி எனக்குப் பேச்சில்லை. சோதனையில் என்ன வந்தது என்று மட்டும் போனில் சொல். 'உம்' கொட்டிவிட்டு வைத்துவிடுவேன்.